இடது கைப்பிடியில் பல் தடம்

ஏலக்கூடத்தின் பட்டியலில் 212-ஆம் எண்ணுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: "மூவர் அமரும் சோஃபா. தேக்குச் சட்டம், பழுப்புப் பச்சைக் கம்பளித் துணி, 1960 வாக்கில் செய்தது. துணி மாற்றப்படவில்லை. வயதுக்கேற்ற தேய்மானம். இடது கைப்பிடியில் சிறிய கடித் தடம் (நாய்)."

மெரெட்டா அதை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை படித்தபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாயாம்! அவர்கள் வீட்டில் ஒரு நாளும் நாய் வளர்த்ததில்லை. அப்பாவுக்கு நாய் மயிரைக் கண்டாலே தும்மல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளின் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவளுக்கு நாய்ப் பல்லும் மனிதப் பல்லும் தெரியாதா? முன்பற்கள் இரண்டு, நடுவே ஒரு சந்து, பக்கத்தில் கொஞ்சம் திரும்பிக்கொண்ட ஒரு பல். அது அவளுடைய அண்ணன் தோர்கிலின் வாய். பதினொரு வயது தோர்கில்.

டென்மார்க்கின் மேற்கே, ஹோல்ஸ்டெப்ரோவில் அவள் வீட்டுச் சமையலறையில் அப்போது காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே நவம்பர் மழை வழக்கம்போலக் குறுக்கே அடித்தது. அவள் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள். பதினாலு வருடமாக அந்த சோஃபா எங்கே இருக்கிறது, யார் அதில் உட்காருகிறார்கள் என்று தெரியாமல் இருந்தவளுக்கு அது ஆர்ஹுஸ் துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு கூடத்தில், மழையில் நனையாமல், எண் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்துவிட்டது. அது தனக்கு வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்த சோஃபா வீட்டுக்கு வந்தது அவள் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு. அம்மா கோபன்ஹேகனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், திரும்பும் வழியில் ஒரு மரச்சாமான் கண்காட்சிக்குள் நுழைந்து மனதைப் பறிகொடுத்துவிட்டாள். அப்பா லெம்விக் பக்கத்துக் கூட்டுறவுப் பால்பண்ணையின் மேலாளர். அம்மா ஆசைப்பட்டு எதையும் கேட்டதே இல்லை என்பதால், அவள் அன்று கேட்டதும் அவர் அசந்துபோய்ச் சரி என்றுவிட்டார். ரயிலில் சாக்குச் சுற்றி வந்து இறங்கியது. அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து பார்த்தார்கள். மெல்லிய கால், மெல்லிய கை, காற்றுப் புகும் முதுகு. "நல்லாத்தான் இருக்கு. மீதி எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்டதை அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார். அந்தச் சோஃபாவைத்தான் இன்று டோக்கியோவிலும் சியோலிலும் தவம் கிடந்து வாங்குகிறார்கள்.

மாடியில் படுக்கையறைகளுக்குக் கணப்பு கிடையாது. அதனால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கீழே அடுப்புக்குப் பக்கத்தில் அந்த சோஃபாவில்தான் படுக்கை. மெரெட்டாவுக்கு ஏழு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே கிடந்தாள். அம்மா கால்மணிக்கு ஒரு தரம் வந்து தலைமாட்டில் உட்காருவாள். புறங்கையை நெற்றியில் வைப்பாள். வைத்தது வைத்தபடி கொஞ்ச நேரம் இருப்பாள். அந்த வீட்டில் பாசத்தை வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்தப் புறங்கைதான் எல்லாம். உடம்பு தேறிய பிறகும் பல நாள் நெற்றியைச் சூடாக்கிக்கொள்ள மெரெட்டா அடுப்பருகே போய் நின்றிருக்கிறாள். அம்மா ஏமாறமாட்டாள். "காய்ச்சல் இல்ல. எழுந்திரு, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பாள்.

அதே குளிர்காலத்தில்தான் தோர்கில் உறைந்த கடற்கழியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். டாக்டர் வீட்டுக்கே வந்தார். மெரெட்டாவை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவனைச் சோஃபாவில் படுக்கப் போட்டு எலும்பை இழுத்துச் சேர்த்தார். தோர்கில் கத்தவில்லை. தலையைத் திருப்பிக் கைப்பிடியைக் கடித்தான். மரத்தில் பல் இறங்கும் சத்தம் அவள் காதில் இப்போதும் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் அப்பா கைப்பிடியைத் தடவிப் பார்த்தார், மகனைப் பார்த்தார், "ம். மோசமில்ல" என்றார். அந்த மேற்குக் கரையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ராஜாவே வந்து பதக்கம் குத்தினாலும் அவ்வளவுதான்.

அம்மா இறந்தது 2009-இல். அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். சாமான்களைப் பங்கு பிரிக்க அண்ணனும் தங்கையும் ஊர் வழக்கப்படி ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவனுக்குச் சிவப்பு வட்டம், அவளுக்குப் பச்சை வட்டம். ஒரு முறை அவன், ஒரு முறை அவள் என்று மாறி மாறி ஒட்ட வேண்டும். எதிலும் ஒட்டாமல் மிச்சப்படுவதை வீடு காலி செய்கிறவர் திங்கட்கிழமை வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போவார். கடிகாரத்தில் சிவப்பு. தையல் பெட்டியில் பச்சை. வெள்ளிக் கரண்டிகளில் சிவப்பு. அவள் முறை வரும்போதெல்லாம் கால்கள் அவளைச் சோஃபாப் பக்கமே இழுத்தன. ஆனால் அதில் அவன் பல் இருக்கிறதே. பல் பதித்தவன் அவன், பொருளும் அவனுக்குத்தான் என்று அவளாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வேண்டாத மண் ஜாடியில் பச்சை வட்டத்தை ஒட்டினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் வேலைக்காகக் கிளம்பினாள். வாசலில் நின்று, "மீதியில உனக்கு வேணுங்கறதை எடுத்துக்கோ" என்றாள். "சரி சரி" என்றான் அவன்.

கிறிஸ்துமஸுக்கு எஸ்பியர்க்கில் அவன் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் கறுப்புத் தோல் சோஃபா ஒன்று கிடந்தது. பொத்தானை அமுக்கினால் காலுக்குப் பலகை எழும்பி வரும் ரகம். அம்மாவின் சோஃபாவைக் காணோம். விற்றுவிட்டான்! வாத்துக் கறியையும் சிவப்புக் கோஸையும் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தாள். "நல்ல சோஃபா" என்றாள். "மோசமில்ல" என்றான் அவன்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவள் ஊரில் கேட்கமாட்டார்கள். விருந்தில் தட்டில் கடைசித் துண்டு கேக் மிஞ்சினால், எட்டுப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டே அது காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருப்பார்கள். வேண்டும் என்று சொல்வது அங்கே அசிங்கம். ஏன் என்று கேட்பது அதைவிட அசிங்கம். இப்படியே பதினாலு வருடம் ஓடிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் தோர்கில் போன் செய்வான். காற்று எப்படி, மழை எப்படி, முழங்கால் எப்படி. பத்து நிமிடம். பிறகு வைத்துவிடுவான்.

ஏலப் பொருட்களை நேரில் பார்க்கும் நாள் வியாழக்கிழமை. மெரெட்டா விடுப்பு போட்டுவிட்டு மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஆர்ஹுஸுக்குக் கார் ஓட்டினாள். கூடத்துக்குள் நாற்பது, ஐம்பது சோஃபாக்கள் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசை மாதிரி காத்துக்கொண்டிருந்தன. ஜனங்கள் நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் செய்த பட்டறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்கில் இது ஒரு வியாதி. விருந்துக்குப் போன வீட்டிலும் சிலர் சூப்பைக் குடித்துவிட்டுத் தட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

212 தெற்குச் சுவரோரம் இருந்தது. தூரத்திலிருந்தே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு சிறியதாகிவிட்டது! மூலையில் அப்பாவின் காப்பிக் கோப்பை விட்ட வட்டம், நடுவில் அவள் கிடந்து கிடந்து பள்ளமான இருக்கை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெதுவாக அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் எழுந்திருக்கீங்களா?" என்று சோஃபா கேட்டது.

அவள் துள்ளி எழுந்தாள். அடியிலிருந்து முதலில் ஒரு டார்ச் வந்தது, பிறகு ஒரு வழுக்கைத் தலை, அதன் பிறகு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள், முழங்காலில் தூசியோடு.

"மன்னிச்சுக்கோங்க, முத்திரையைப் பாத்துட்டிருந்தேன். வில்லாஸ். பழைய சாமான் வாங்கி விக்கிறவன்" என்று கையை நீட்டினான். "அருமையான சரக்கு. ஆனா பாருங்க, நாய் கடிச்சு வச்சிருக்கு."

"அது நாய் இல்ல."

"பின்ன என்ன? எலியா?"

மெரெட்டாவுக்கு உண்மை வாய் வரை வந்தது. "எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

வில்லாஸ் சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். அவள் மறுபடியும் உட்காரலாம் என்று திரும்பியபோது வாசலில் ஒரு உயரமான ஆள் குடையை உதறிக்கொண்டு நின்றான். அந்த உதறலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தோர்கில்! அவள் என்ன செய்தாள் தெரியுமா? அறுபது வயதுப் பெண்மணி, பேரன் பேத்தி எடுத்தவள், ஓடிப்போய் ஒரு துணி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சந்து வழியாகப் பார்த்தாள். அவன் நேராக 212-க்கு வந்தான். உட்காரவில்லை. அறுபத்து நாலு வயது முழங்கால்களை மடக்கி இடது கைப்பிடி அருகே மண்டியிட்டான். கட்டைவிரலைப் பல் தடத்தின் மேல் வைத்தான். வைத்தபடியே இருந்தான். அவன் முதுகு கூனிப்போயிருந்ததை அவள் அன்றுதான் கவனித்தாள். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காதவன் மாதிரி வெளியே போய்விட்டான்.

வீடு திரும்பும்வரை அவள் மனது ஒரு நிலையில் இல்லை. விற்றவன் எதற்கு வந்து மண்டியிடுகிறான்? விற்றபோது அவள் நினைப்பு வரவில்லையா? நன்றாக வேண்டும் அவனுக்கு என்று ஒரு பக்கம். பாவம், எவ்வளவு வருந்தினால் ஒருவன் அப்படி மண்டியிடுவான் என்று இன்னொரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இணையத்தில் ஏலம். இரண்டே கால் மணிக்கு 212. அவள் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஜன்னல் மாற்றுவதற்கு என்று சேர்த்து வைத்திருந்தது நாற்பதாயிரம் குரோனர். ஜன்னல் இன்னும் ஐந்து வருடம் தாங்கும், தாங்காவிட்டால் போர்வை இருக்கிறது. இருபதாயிரத்துக்கு மேல் ஒவ்வொருவராக விலகினார்கள். முப்பதுக்கு மேல் அவளும் இன்னொருவரும்தான். அந்த இன்னொருவர் திரையில் வெறும் எண்: 77. அவள் ஏற்றினால் 77 பொறுமையாகக் காத்திருந்து, நேரம் முடியப் பத்து நொடி இருக்கும்போதுதான் ஏற்றியது. கடைசி நொடியில் பள்ளிப் பேருந்தில் தொற்றிக்கொள்ளும் தோர்கிலேதான். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

முப்பத்து நாலு, அவள். முப்பத்தாறு, 77. யார் ஏற்றினாலும் புதிதாகக் கிடைக்கும் மூன்று நிமிட அவகாசம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் விரல் பொத்தான் மேல் இருந்தது. இன்னும் நாலாயிரம் கையில் இருந்தது. கண்ணுக்குள் அந்தக் கட்டைவிரல் வந்து நின்றது. எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று உள்ளே ஏழு வயதுக் குழந்தை அடம் பிடித்தது. அவள் அந்தக் குழந்தையை அடக்கினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நேரம் முடிந்ததும் கணினியை மூடிவிட்டு, பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள்தான்.

அன்று முதல் ஞாயிறு இல்லை. ஆனாலும் ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"காத்து எப்படி?" என்றான் தோர்கில்.

"மேற்கேயிருந்து. இங்க பெருசா இல்ல."

"இங்கயும் அப்படித்தான்." மழையையும் முழங்காலையும் விட்டுவிட்டான். "அப்புறம், அது உன் வீட்டுக் கதவுல நுழையுமா? கையைக் கழட்டினா நுழையும்னு நெனைக்கிறேன். வேணும்னா நான் ஸ்பானர் எடுத்துட்டு வர்றேன்."

"எது நுழையணும்?"

"சோஃபாதான். வாழ்த்துச் சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"எனக்கு எதுக்கு வாழ்த்து? வாங்கினது நீ."

"நானா? நான் ஏலமே கேக்கலையே."

மெரெட்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஏன் கேக்கல?"

"வியாழக்கிழமை உன்னைப் பாத்தேன். அலமாரிக்குப் பின்னாலேருந்து மஞ்சக் கோட்டு பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சரி, உனக்கு ஆசைன்னு தெரிஞ்சுது. நான் எதுக்குக் குறுக்க வரணும்னு விட்டுட்டேன்."

"பாத்தவன் கூப்பிட வேண்டியதுதானே!"

"நீ ஒளிஞ்சிருந்தே. ஒளிஞ்சிருக்கறவங்களை எப்படிக் கூப்பிடறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, கடைசியில் பதினாலு வருடக் கோபம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. "அவ்ளோ அக்கறை இருந்தா அப்ப ஏன் அதை வித்தே?"

"எதை?"

"அம்மா சோஃபாவை. கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப உன் வீட்டுல இல்லையே. அந்தக் கறுப்புப் பூதத்தைல்ல போட்டு வச்சிருந்தே."

"நான் விக்கல, மெரெட்டா. நீ வித்துட்டேன்னுதான் நான் நெனச்சேன். ஈஸ்டருக்கு உன் வீட்டுக்கு வந்தேனே, அங்க இல்ல. கேட்டா நீ சங்கடப்படுவேன்னு கேக்கல."

"நான் எடுக்கவே இல்லையே. உன் பல் இருக்கு, அது உனக்குத்தான்னு விட்டுட்டுப் போனேன்."

"ஒரு குளிர்காலம் பூரா நீதானே அதுல கெடந்தே. உனக்குத்தான்னு நானும் ஒட்டாம விட்டேன். நீ ஆள் அனுப்பி எடுத்துக்குவேன்னு நெனச்சேன்."

அந்தத் திங்கட்கிழமை வீடு காலி செய்கிறவர் வந்து, சிவப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் அநாதையாக நின்ற சோஃபாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவ்வளவுதான் கதை. இருவரும் ஒருவரையொருவர் பதினாலு கிறிஸ்துமஸ் மன்னித்துக்கொண்டிருந்தார்கள், செய்யாத குற்றத்துக்கு.

"ரெண்டு மடையங்க" என்றான் தோர்கில் கடைசியில்.

"அப்ப வாங்கினது யாரு?" என்றாள் மெரெட்டா.

அதை ஏலக்கூடத்தில் சொல்லமாட்டார்கள். பொருளை எடுத்துப்போகும் நாள் புதன் என்று மட்டும் சொன்னார்கள். புதன் காலை பத்து மணிக்குத் தோர்கில் எஸ்பியர்க்கிலிருந்தும் மெரெட்டா ஹோல்ஸ்டெப்ரோவிலிருந்தும் தனித்தனிக் காரில் வந்து, சரக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவள் கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிக் கொண்டுவந்திருந்தாள். ஏழு துண்டு. ஆளுக்கு மூன்று போக ஒன்று மிஞ்சியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். காகிதத்தைச் சுற்றி மறுபடி பைக்குள் வைத்தாள்.

பதினொன்றரைக்கு ஒரு வெள்ளை வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. இறங்கிய வழுக்கைத் தலையைப் பார்த்ததும் மெரெட்டா நாற்காலியை விட்டு எழுந்தாள். கூடத்து ஆட்கள் 212-ஐ உருட்டுப் பலகையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அட, எலியம்மா!" என்றான் வில்லாஸ். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

தோர்கில்தான் சொன்னான். மெதுவாக, சுற்றி வளைத்து, வானிலையில் ஆரம்பித்துச் சொன்னான். வில்லாஸ் கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றினான். கேட்டு முடித்ததும் தலையைச் சொறிந்தான்.

"நான் என்ன பண்ணட்டும்? இது என் சரக்கே இல்ல. சியோல்ல ஒரு அம்மா ரெண்டு வருஷமா இதே சோஃபாவுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. பணமும் அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை கப்பல்." அவன் மெரெட்டாவைப் பார்த்தான். "கடைசி வரைக்கும் என்கூட மோதினது நீங்கதானா? அவங்க எனக்குக் குடுத்த எல்லையே முப்பத்தாறுதான். இன்னும் ஒரே ஒரு தடவை ஏத்தியிருந்தீங்கன்னா நான் விட்டிருப்பேன்."

மெரெட்டா தன் விரலைப் பார்த்தாள். தோர்கில் தரையைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. விரல் பொத்தான் மேலேதான் இருந்தது.

வில்லாஸ் கெட்டவன் இல்லை. இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போட உள்ள போகணும். பத்து நிமிஷம் ஆகும். காப்பியும் குடிப்பேன், இருபதுன்னு வச்சுக்கோங்க" என்று சொல்லிக் கூடத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

சரக்கு வாசலில், திறந்த வண்டிக்கும் மழைக்கும் நடுவில், சோஃபா நின்றது. தோர்கில் தலைமாட்டுப் பக்கம், அம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான்.

"படுத்துக்கோ" என்றான்.

"பைத்தியமா? யாராவது பாத்தா?"

"பாக்கட்டும்."

அவள் காலணியைக் கழற்றினாள். கோட்டோடு படுத்தாள். கால் கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இடுப்பு அந்தப் பள்ளத்தில், ஐம்பது வருடம் போகாத மாதிரி, சரியாகப் போய் உட்கார்ந்தது. கம்பளித் துணியில் அடுப்புப் புகையின் வாசனை இருந்ததா, அவளாகக் கற்பனை செய்துகொண்டாளா தெரியாது. கண்ணை மூடினாள். அம்மா வேண்டும்போல் இருந்தது. வேறு ஒன்றும் வேண்டாம், அம்மா மட்டும் வேண்டும்.

நெற்றியில் ஒரு புறங்கை வந்து அமர்ந்தது. பெரிய, சொரசொரப்பான, கப்பல் இயந்திரங்களோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டிய கை. வைத்தது வைத்தபடி இருந்தது.

"காய்ச்சல் இல்ல" என்றான் தோர்கில். "எழுந்திரு. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது, துடைக்கவும் இல்லை.

வில்லாஸ் சத்தமாக இருமிக்கொண்டே திரும்பி வந்தான்; இருவரும் அவசரமாக எழுந்துகொண்டார்கள். அவன் கையில் ஸ்பானர் இருந்தது. "கை ரெண்டையும் கழட்டித்தான் பெட்டியில வைக்கணும்" என்று சொல்லி, குனிந்து வேலையை ஆரம்பித்தான். இடது கையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "இது அங்க போகாது. அந்த அம்மாவுக்குக் கீறல் இல்லாம வேணும். உடைஞ்சுபோன இன்னொரு சோஃபாவோட நல்ல கை என்கிட்ட இருக்கு, அதைப் போட்டுடுவேன். இது வேணுமா உங்களுக்கு? ஏலச் சீட்டுல நாய்ன்னுதான் போட்டிருக்கு."

"நாய் இல்ல, நான்தான்" என்றான் தோர்கில், பல்லைக் காட்டினான். சந்து இன்னும் இருந்தது.

வில்லாஸ் பல்லைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். "சரி, யாருக்குக் குடுக்கட்டும்?"

மெரெட்டாவின் நாக்கில் அந்தப் பழைய வார்த்தை தயாராக இருந்தது. அவனுக்கே கொடுங்கள். அது அவன் பல். உதடு பிரிந்துவிட்டது. பக்கத்தில் தோர்கில் மூச்சை இழுப்பது கேட்டது. அவனும் அதையேதான் சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு" என்றாள். குரல் சரக்கு வாசல் முழுக்க எதிரொலித்தது. "எனக்கு வேணும்."

தோர்கில் அவளைத் திரும்பிப் பார்த்தான். முகம் காது வரை சிவந்துவிட்டது. "எனக்கும் வேணும்" என்றான்.

"கை ஒண்ணுதாங்க இருக்கு" என்றான் வில்லாஸ்.

"தெரியும்" என்றார்கள் இருவரும்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு, கைப்பிடியை இருவருக்கும் நடுவில் நீட்டினான். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். சோஃபாவின் உடம்பை வில்லாஸும் கூடத்து ஆட்களும் தூக்கி வண்டிக்குள் வைத்து, போர்வை சுற்றி, கதவைச் சாத்தினார்கள். வண்டி துறைமுகச் சாலையில் திரும்பி, கிடங்குகளுக்குப் பின்னால் மறையும்வரை இருவரும் மழையில் நின்றார்கள்.

தோர்கில் அழுதான். வாயைத் திறந்து, சத்தம் போட்டு, பதினொரு வயதில் அழ வேண்டியதையும் சேர்த்து அழுதான். இந்த முறை எதையும் கடிக்கவில்லை. மெரெட்டா கைப்பிடியின் தன் முனையை விடாமல், அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு பையைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, மிஞ்சியிருந்த ஈரல் ரொட்டியை நீட்டினாள். "வேணுமா?"

"வேணும்" என்று வாங்கித் தின்றான்.

"கை இப்ப என் கார்ல போகட்டும். ஈஸ்டருக்கு வந்து எடுத்துட்டுப் போ. கோடைக்கு நான் வந்து திருப்பி வாங்கிக்கிறேன்."

"ஈஸ்டர் வரைக்கும் நாலு மாசம் இருக்கே" என்றான் தோர்கில், வாயில் ரொட்டியோடு. "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"